ஏழு வருடம் பிஎஸ்டபிள்யூ, இனி ஆர்பிஎன் படிக்கலாமா?

கேள்வி:

அக்கா, எனக்கு 38 வயது. வவுனியாவில் ஏ/எல் கலைப்பிரிவு படித்தேன். கனடா வந்தபின் பிஎஸ்டபிள்யூ (முதியோருக்கும் நோயாளருக்கும் அன்றாடத் தேவைகளில் உதவும் பராமரிப்புப் பணியாளர்) படித்து, ஏழு வருடமாக ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மாடியில் மருந்து கொடுக்கும் ஆர்பிஎன் (டிப்ளோமா படித்துப் பதிவுபெற்ற தாதி) பிள்ளைகள் பலர் என்னைவிட வயது குறைந்தவர்கள். நானும் படிக்கலாமே என்ற எண்ணம் கொஞ்சக் காலமாகவே இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், கணவருக்கு இரவு வேலை. விஞ்ஞானம் ஓ/எல்லோடு விட்டதுதான். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து திரும்பத் திரும்பப் போன் எடுத்து, இந்தக் கிழமையே முற்பணம் கட்டினால் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். என்னென்ன பாடங்கள் இருக்கும்? கிளினிக்கலில், அதாவது நோயாளிகளிடம் நேரே போய்ப் படிக்கும் பகுதியில், என்ன செய்ய விடுவார்கள்? பாதி வேலை எனக்கு ஏற்கெனவே தெரியும்தானே, சுலபமாக இருக்குமா?

- ஸ்காபரோ வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

படியுங்கள். 38 வயது இதற்குத் தடையே இல்லை. நான் ஆசிரியையாகக் கிளினிக்கலுக்குக் கூட்டிப்போகும் குழுக்களில் உங்கள் வயதுக்காரர்கள் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் பிஎஸ்டபிள்யூவாக இருந்து வந்தவர்கள். ஆனால் இந்தக் கிழமை முற்பணம் மட்டும் கட்டாதீர்கள்.

காரணம் இதுதான். ஒன்ராறியோவில் ஆர்பிஎன் ஆகப் பதிவு செய்வது சிஎன்ஓ, அதாவது 'கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ'. பெயரில் கொலிஜ் இருந்தாலும் அது படிப்பிக்கும் இடமல்ல, தாதியருக்கு அனுமதி கொடுத்து மேற்பார்வை செய்யும் அமைப்பு. அவர்கள் அங்கீகரித்த டிப்ளோமாவை முடித்தால்தான் இங்கே படித்த ஒருவர் பதிவுச் சோதனைக்கே போகலாம். அந்தப் பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. உங்களுக்குப் போன் எடுக்கும் கல்லூரியின் பெயரும், அவர்கள் சொல்லும் படிப்பின் பெயரும், எந்தக் கிளை என்பதும் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தனியார் கல்லூரி எல்லாமே பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பட்டியலைப் பார்க்க ஒருநாள் அவகாசம் கேட்டால் தர மறுக்கும் இடத்தில் இரண்டு வருடத்தை ஒப்படைக்க வேண்டாம். 'ஹெல்த் எய்ட்', 'நேர்சிங் அசிஸ்டன்ட்' என்று பெயர் வைத்த படிப்புகளும் உண்டு. அவற்றை முடித்தால் ஆர்பிஎன் ஆக முடியாது.

இன்னொன்று. உங்கள் வேலையிடத்தில் வயதான நேர்ஸ் யாராவது, தான் குறுகிய சான்றிதழ் படிப்போடு வந்ததாகச் சொல்லியிருப்பார். அது உண்மையாகவே இருக்கும். 2005 தொடக்கத்திலிருந்து புதிதாக வருபவர்களுக்கு டிப்ளோமா கட்டாயம். இப்போது அது பொதுவாக நாலு செமஸ்டர், இரண்டு வருட முழுநேரப் படிப்பு. உங்களுக்குப் பக்கத்திலேயே, சென்ரெனியல் கல்லூரியின் மோர்னிங்சைட் வளாகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. பிஎஸ்டபிள்யூ முடித்தவர்களுக்கென்று பகுதிநேரமாகவோ, கொஞ்சம் சுருக்கியோ நடத்தும் கல்லூரிகளும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது. ஆனால் சுருக்கம் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விஞ்ஞானம் விட்டு இவ்வளவு காலம் ஆன ஒருவருக்கு வேகமான படிப்பைவிட நிதானமான படிப்புத்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். பாதி வேலை தெரியும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கைவேலையில் பாதிக்கு மேலேயே உங்களுக்குத் தெரியும். ஒருவரைப் படுக்கையில் திருப்புவது, குளிக்க வார்ப்பது, நோயாளியைத் தூக்கும் கருவி போட்டுத் தூக்குவது, சாப்பாடு ஊட்டும்போது புரையேறாமல் பார்ப்பது, கோபப்படும் ஒரு டிமென்ஷியா (மறதி நோய்) நோயாளியை அமைதிப்படுத்துவது எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முதல் நாள் கிளினிக்கலில் நடுங்கும் இடத்தில் நீங்கள் நடுங்கமாட்டீர்கள். ஆனால் படிப்பு சோதிக்கப்போவது அதையல்ல.

உங்கள் மாடியில் 82 வயது அம்மா ஒருவர் நேற்றுவரை வழமைபோல இருந்தார், இன்று காலை எழும்பினதும் ஏதோ மாறிக் கதைக்கிறார் என்று வையுங்கள். பிஎஸ்டபிள்யூவாக நீங்கள் அதைக் கண்டுபிடித்து நேர்ஸிடம் சொல்வீர்கள். உங்கள் பொறுப்பை அங்கே ஒழுங்காகச் செய்துவிட்டீர்கள். ஆர்பிஎன்னின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இது டிமென்ஷியா கூடினதா, அல்லது டிலீரியம் என்று சொல்லும், திடீரென்று வரும் மனக்குழப்பமா? ஒரே இரவில் மாறியிருந்தால் டிலீரியம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்படியென்றால் ஏன்? சிறுநீர்த் தொற்றா, நெஞ்சில் சளியா, சுகர் இறங்கிவிட்டதா, ஒட்சிசன் குறைவா, தண்ணீர் குடிக்கவில்லையா, மூன்று நாளாக மலம் போகவில்லையா, நேற்றுப் புதிதாக ஏதாவது மருந்து தொடங்கினார்களா, இரவில் விழுந்து தலை அடிபட்டதா? இவற்றில் எதை உடனே பார்க்க வேண்டும்? காய்ச்சல், பிரஷர், நாடி, மூச்சு, ஒட்சிசன், சுகர் எல்லாம் எடுத்து, மருந்துத் தாளைப் புரட்டிப் பார்த்து, டொக்டருக்குப் போன் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் விஷயத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கென்றே ஒரு முறை இருக்கிறது, எஸ்பார் என்பார்கள். இப்போது என்ன நடக்கிறது, இவருடைய பின்னணி என்ன, நான் பார்த்துக் கணித்தது என்ன, உங்களிடம் எதைக் கேட்கிறேன் என்ற நாலும் அந்த வரிசையில் வரவேண்டும்.

இந்த இரண்டு வருடமும், எல்லாப் பாடங்களும், அந்த ஒரு நிமிடப் போனைப் பேசக்கூடிய ஆளாக உங்களை ஆக்கத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பாடங்களைப் பார்த்தால் ஏன் இவ்வளவு படிக்கவேண்டியிருக்கிறது என்று சலிப்பு வராது.

முதல் செமஸ்டரில் உடற்கூற்றியலும் உடலியங்கியலும் வரும். பலர் விழுவது இதில்தான். உடம்பின் ஒவ்வொரு தொகுதியும் எங்கே இருக்கிறது, எப்படி இயங்குகிறது என்று படிக்க வேண்டும், மனப்பாடமும் நிறைய. கூடவே தாதியியலின் அடிப்படை, உடல் மதிப்பீடு, நோயாளியோடு கதைக்கும் முறை, தொழில் ஒழுக்கமும் சட்டமும், ஆங்கிலத்தில் எழுதுவது. உடல் மதிப்பீடு என்றால் தலையிலிருந்து கால் வரை ஒழுங்காகப் பார்த்து, கேட்டு, தொட்டுப் பதிவது. நெஞ்சிலும் வயிற்றிலும் ஸ்டெதஸ்கோப் வைத்து எது சாதாரணச் சத்தம், எது இல்லை என்று பழகுவீர்கள். லாபில் பொம்மையிலும் சக மாணவர்களிலும் செய்துகாட்டிப் பாஸ் எடுத்த பிறகுதான் நோயாளியிடம் போகலாம்.

அதற்குப் பிறகு வரும் நோயியலும் மருந்தியலும்தான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் மூளை நிரம்பி வழியும், சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றதை ஞாபகப்படுத்தும். ஒரு உதாரணம் சொல்கிறேன், இது உங்கள் மாடியிலேயே தினமும் நடப்பது. இதயம் பலவீனமான ஒரு ஐயாவைக் காலையில் நிறை பார்க்கச் சொல்கிறார்கள். நீங்கள் நிறுத்து எழுதிவிட்டுப் போகிறீர்கள். ஏன் நிறுக்கிறார்கள்? இதயம் இரத்தத்தைச் சரியாகத் தள்ளாவிட்டால் தண்ணீர் உடம்பில் தேங்கும், கால் வீங்கும், நுரையீரலிலும் சேரும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பல்ல, தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்ற ஃபியூரோசமைட் கொடுக்கிறார்கள். அது தண்ணீரோடு பொட்டாசியத்தையும் சிறுநீரில் தள்ளிவிடும். அதே ஐயா டிகொக்சின் என்ற இதய மருந்தும் எடுக்கிறார் என்று வையுங்கள். பொட்டாசியம் குறைந்தால் டிகொக்சின் நஞ்சாகத் திரும்பக்கூடும்: சத்தி வரும், சாப்பாடு பிடிக்காது, நாடி குறையும், சிலருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அதனால்தான் அந்த மாத்திரை கொடுக்கமுன் நேர்ஸ் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ணுகிறார். 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தி டொக்டருக்கு அறிவிக்கிறார். 'ஐயா இரண்டு நாளாகச் சாப்பிடுகிறார் இல்லை' என்று நீங்கள் சொன்ன ஒரு வசனம் அந்த நேர்ஸின் தலையில் எங்கே போய் இணைகிறது என்று பார்த்தீர்களா? அந்த இணைப்புத்தான் நோயியலும் மருந்தியலும்.

நீங்கள் ஏழு வருடமாக இந்த நோயாளிகளோடு இருக்கிறீர்கள். புத்தகத்தில் பாக்கின்சன் என்று வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். இளம் பிள்ளைகளுக்கு அது இல்லை. இதை வைத்துப் படியுங்கள்.

மூன்றாம், நாலாம் செமஸ்டர்களில் சத்திரசிகிச்சை நோயாளர், பிரசவமும் குழந்தைகளும், மனநலம், சமூக சுகாதாரம் எல்லாம் வரும். முதியோரிடம் மட்டும் வேலை செய்தவர்களுக்கு இவை புதிது, ஆனால் பயப்பட எதுவும் இல்லை.

கணக்குப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் மருந்துக் கணக்குச் சோதனையில் ஐம்பதுக்கு மேலே எடுத்தால் பாஸ் என்ற கதை கிடையாது. கல்லூரிகள் மிக உயர்ந்த பாஸ் மார்க் வைத்திருக்கும், சில இடங்களில் ஒரு பிழை கூட விடமாட்டார்கள். அது நியாயம்தான். கணக்கு ஒன்றும் பெரிய கணக்கல்ல. 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் இருக்கும் ஒரு திரவ மருந்தில் 400 மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்றால் எவ்வளவு? 8 மில்லிலீற்றர். 1000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் போகவேண்டும் என்றால் மணிக்கு 125. ஓ/எல் கணக்கு ஞாபகம் இருந்தால் போதும். பிழை வருவது தசமப் புள்ளியிலும், மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றும் இடத்திலும்தான். 1.0 என்று எழுதினால் யாராவது 10 என்று வாசிப்பார்கள், அதனால் 1 என்று மட்டும் எழுத வேண்டும். .5 என்று எழுதினால் 5 என்று வாசிப்பார்கள், அதனால் 0.5 என்று எழுத வேண்டும். இந்தப் பழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள். கல்குலேட்டரில் விடை வந்ததும், இது ஒரு மனிதருக்குக் கொடுக்கக்கூடிய அளவா என்று ஒருதரம் யோசியுங்கள். 'இருபது மாத்திரை' என்று விடை வந்தால் கணக்கு எங்கேயோ பிழைத்துவிட்டது.

சரி, கிளினிக்கல். நிறையப் பேர் அதைப் பயிற்சி வேலை என்று நினைக்கிறார்கள். அது வகுப்பு, நோயாளியின் கட்டிலடியில் நடக்கும் வகுப்பு. ஒரு ஆசிரியையோடு ஏழு, எட்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு வோர்ட்டுக்குப் போவீர்கள். முதலில் பெரும்பாலும் முதியோர் இல்லம், பிறகு ஆஸ்பத்திரி. காலை ஷிப்ட் என்றால் 7 மணிக்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். உங்களுக்குத் தந்த நோயாளியின் நோய், மருந்துகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் வாசித்துவிட்டு வந்திருக்க வேண்டும். தொடங்கமுன் நான் கேட்பேன்: இவருக்கு இன்று கொடுக்கும் மருந்துகள் என்ன, ஒவ்வொன்றும் ஏன், கொடுக்கமுன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்தபின் எதைக் கவனிக்க வேண்டும்? தெரியாவிட்டால் அந்த மருந்தை அன்று நீங்கள் கொடுக்க முடியாது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று தொடங்கும் பட்டியலை ஒவ்வொரு மாத்திரைக்கும் சரிபார்க்க வேண்டும். ஆசிரியையோ பொறுப்பான நேர்ஸோ பக்கத்தில் நிற்பார்.

தொடக்கத்தில் ஒரு நோயாளி, பிறகு இரண்டு, மூன்று. புண்ணுக்குக் கிருமியில்லாமல் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் வைப்பது, இன்சுலின் ஊசி, சேலைன் கவனிப்பது என்று லாபில் பாஸ் பண்ணியதை ஒவ்வொன்றாகச் செய்யலாம். கடைசிச் செமஸ்டரில் குழு இல்லை. ஒரு ஆர்பிஎன்னோடு அவருடைய ஷிப்ட் எதுவோ அதே ஷிப்டில், இரவென்றாலும் சனி ஞாயிறென்றாலும், நீங்களும் நிற்க வேண்டும். அது சில நூறு மணித்தியாலம் வரும். உங்கள் கணவரின் இரவு வேலையோடு இந்த மாதங்கள் நேராக மோதும். அதை இப்போதே இருவரும் இருந்து கதைத்து வையுங்கள்.

பிஎஸ்டபிள்யூவாக இருந்து வரும் மாணவிகளிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு விஷயம் இருக்கிறது. அவர்களுக்கு வேலையை முடிக்கவேண்டும் என்ற அவசரம். ஏழு பேரைக் குளிக்க வார்த்து, பத்து மணிக்குமுன் எல்லோரையும் கதிரையில் இருத்திப் பழகிய கைகள் அவை. கிளினிக்கலிலும் ஓடி ஓடிப் பக்கத்து நோயாளிக்கும் படுக்கை விரிப்பார்கள். வோர்ட்டில் எல்லோரும் அவர்களை மெச்சுவார்கள். ஆனால் தன் நோயாளியின் நுரையீரல் சத்தத்தைக் கேட்டிருக்கமாட்டார்கள், காலைப் பொட்டாசியம் என்னவென்று பார்த்திருக்கமாட்டார்கள். தெரிந்த வேலைக்குள் நிற்பது பாதுகாப்பாக இருக்கும், அதனால் அங்கேயே நின்றுவிடுவார்கள். குளிக்க வார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வார்த்துவிடுங்கள், ஆனால் அந்த இருபது நிமிடத்தில் தோல், வீக்கம், மூச்சு, நினைவு, வலி எல்லாவற்றையும் பாருங்கள். வெளியே வரும்போது எனக்குச் சொல்ல உங்களிடம் மூன்று விஷயமாவது இருக்க வேண்டும். 'குளிக்க வார்த்துவிட்டேன் மிஸ்' என்பதை நான் பதிலாக எடுக்கமாட்டேன்.

மற்றது பேசாமல் இருப்பது. எங்கள் பெண்கள் பலர் விளங்காவிட்டாலும் தலையாட்டுகிறார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு, தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்ற பயம். தாதித் தொழிலில் அந்தத் தலையாட்டல் ஆபத்து. டொக்டர் போனில் சொன்ன மருந்தின் அளவு தெளிவில்லை என்றால் திருப்பிக் கேட்டு, வாசித்துக்காட்டி உறுதிசெய்ய வேண்டும். கேள்வி கேட்கும் மாணவியை நான் ஒருபோதும் குறைத்து எடைபோட்டதில்லை. கேட்காமல் செய்த மாணவியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கிளினிக்கலுக்கு மார்க் இல்லை, திருப்தி அல்லது திருப்தியில்லை, அவ்வளவுதான். ஆனால் அதில் தவறினால் தியரியில் நல்ல மார்க் இருந்தாலும் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். வராத நாட்களுக்கும் கடும் கணக்கு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு ஒருவரல்ல, இரண்டு பேரின் பெயர் உங்களிடம் இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, இது உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும். படிக்கும் காலத்தில் பிஎஸ்டபிள்யூ வேலையைத் தொடர்வீர்கள். அங்கே நேர்ஸ் ஒருவர், 'நீ இப்ப நேர்சிங் படிக்கிறாய்தானே, இந்த மருந்தைக் கொண்டுபோய்க் குடு' என்று கேட்கலாம். கொடுக்காதீர்கள். மாணவியாகச் செய்ய அனுமதி உள்ளது கல்லூரியின் கிளினிக்கலில், மேற்பார்வையில் மட்டும். வேலையிடத்தில் நீங்கள் பிஎஸ்டபிள்யூ, அதன் எல்லைக்குள்தான் நிற்க வேண்டும்.

உங்களிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஸ்காபரோவின் முதியோர் இல்லங்களில் எங்கள் சனம் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டிமென்ஷியா கூடக்கூட ஆங்கிலம் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர் தெளிவாகத் தமிழில் வயிறு நோகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார், சார்ட்டில் 'குழம்பிப்போய் இருக்கிறார்' என்று எழுதியிருக்கும். அந்தச் சார்ட்டில் சரியானதை எழுதும் அதிகாரம் உள்ள தமிழ் நேர்ஸ் ஒருவர் அந்த மாடியில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப்பாருங்கள். நீங்கள் படிக்கவேண்டும் என்று நான் விரும்புவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

படிப்பு முடிந்ததும் ரெக்ஸ்-பிஎன் என்ற பதிவுச் சோதனை. 2022 ஜனவரியில் ஒன்ராறியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பழைய சோதனைக்குப் பதிலாக இது வந்தது. கணினியில் செய்வது. நீங்கள் சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாகும், பிழைத்தால் இலேசாகும். 90க்கும் 150க்கும் இடையில் கேள்விகள் வரும், நாலு மணித்தியாலம் வரை நேரம். 90இலேயே நின்றுவிட்டால் பெயில் என்று பயப்படத் தேவையில்லை, பாஸோ பெயிலோ தெளிவாகிவிட்டது என்றுதான் அர்த்தம். நாலு நோயாளிகளில் யாரை முதலில் போய்ப் பார்ப்பீர்கள் என்ற மாதிரிக் கேள்விகள் நிறைய இருக்கும். மனப்பாடம் அங்கே உதவாது. இதோடு ஒன்ராறியோவின் தாதியர் சட்டம் பற்றிய தனிச் சோதனை ஒன்றும் உண்டு, அதை வீட்டிலிருந்தே செய்யலாம், படித்தால் கஷ்டமில்லை.

இனி இப்போதே செய்யக்கூடியவை. கலைப்பிரிவு ஏ/எல்லோடு நேராக இடம் கிடைப்பது கஷ்டம். 12ஆம் வகுப்பு ஆங்கிலம், 11 அல்லது 12ஆம் வகுப்புக் கணக்கு, உயிரியல், இரசாயனம் என்று கல்லூரிகள் கேட்கும், கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். இவற்றை டிவிஓ ஐஎல்சி என்ற தொலைக்கல்வி மூலம் வீட்டிலிருந்தும், கல்விச் சபைகளின் வளர்ந்தோர் பாடசாலைகளிலும் எடுக்கலாம். அல்லது கல்லூரிகளிலேயே ப்ரீ-ஹெல்த் என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. உங்களுக்கு நான் ப்ரீ-ஹெல்த்தைத்தான் சொல்வேன். ஒரு வருடம் போகிறதே என்று தோன்றும். ஆனால் வகுப்பில் இருந்து படிக்கும் பழக்கமும், ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் பழக்கமும் திரும்பி வந்த பிறகு உடற்கூற்றியலுக்குள் போவதும், இரசாயனமே தெரியாமல் போவதும் ஒன்றல்ல.

காசுக்கு ஓசாப் என்ற மாகாண அரசின் மாணவர் நிதியுதவி இருக்கிறது. பிஎஸ்டபிள்யூவிலிருந்து ஆர்பிஎன் ஆகப் படிப்பவர்களுக்கென்று ஆர்பிஎன்களின் சங்கமான வீஆர்பிஎன் நடத்தும் பிகின் என்ற உதவித்திட்டம் இருக்கிறது. முடித்தபின் குறிப்பிட்ட காலம் முதியோர் இல்லத்திலோ வீட்டுப் பராமரிப்பிலோ வேலை செய்யவேண்டும் என்பது அதன் நிபந்தனை, உங்களுக்கு அது பாரமாக இராது. விண்ணப்பம் எப்போது திறக்கிறது, யார் யாருக்கு என்ற விதிகளைக் கல்லூரியில் சேரமுன்பே வாசியுங்கள். 'லேர்ன் அன்ட் ஸ்டே' என்ற மாகாண உதவி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் தெரிந்தெடுத்த படிப்புகளுக்கானது. ஸ்காபரோவில் இருந்துகொண்டு அதை நம்பித் திட்டம் போடவேண்டாம். வேலையை வாரத்துக்கு இரண்டு ஷிப்டுக்கு மேல் வைத்திருக்காதீர்கள், முக்கியமாகக் கிளினிக்கலுக்கு முதல்நாள் இரவு வேலை வேண்டவே வேண்டாம்.

கடைசியாகத் தடுப்பூசிப் பதிவுகள். கிளினிக்கலுக்குப் போகமுன் காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, அம்மை வகைகள், என்95 முகக்கவசப் பொருத்தம், சிபிஆர் என்ற உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சி, பொலிஸ் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். ஒன்று குறைந்தாலும் கிளினிக்கலுக்கு விடமாட்டார்கள். இலங்கையில் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதனால் காசநோய்த் தோல் பரிசோதனை சிலருக்குப் பொசிட்டிவ் காட்டும். காட்டினால் பதறவேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்வார்கள். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசியாகப் போட ஆறு மாதம் எடுக்கும். பிஎஸ்டபிள்யூ படிக்கும்போது இவற்றில் சிலதைச் செய்திருப்பீர்கள். அந்தத் தாள்களைத் தேடி எடுத்துக்கொண்டு, குடும்ப டொக்டரிடம் இந்த மாதமே ஒரு நேரம் எடுங்கள். ஓ/எல், ஏ/எல் பெறுபேறுகளின் பிரதியையும், நீங்கள் பார்த்த கல்லூரிகளின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தப் பாடத்தை எங்கே எடுப்பது என்று அடுத்த பதிலில் குறிப்பாகச் சொல்கிறேன்.